பொக்கற் இல்லாத சேட்டும் பதினேழு கவிதைகளும்

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. தெரியாமல் இல்லை, இரண்டு பெயர்கள் தெரியும். எதை எழுதினாலும் பாதிப் பொய்யாகிவிடும். ஆகவே அவர் என்றே எழுதுகிறேன். அவருக்கும் அதுதான் வசதியாக இருந்தது.

என்னைப் பற்றியும் இரண்டு வரி சொல்லவேண்டும். பகலில், பிரெஞ்சு பேசுகிற எங்கள் வெளிநாட்டு நகரத்தை ஒட்டிய லவாலில் மாத்திரைகளைப் பெட்டியில் அடைக்கிற ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளன். மிச்ச நேரத்தில் கல்வெட்டு எழுதுகிறவன். கல்வெட்டு என்றதும் கோயில் சுவரைக் கற்பனை செய்யவேண்டாம். யாழ்ப்பாணத்து ஆட்களில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கிற சிறு புத்தகம் அது. முன்னால் படம், உள்ளே வாழ்க்கை வரலாறு, பிறகு மனைவி புலம்பல், பிள்ளைகள் புலம்பல், மருமக்கள் புலம்பல். எல்லாருடைய புலம்பலையும் நான்தான் எழுதுவேன். தமிழில் ஒரு வரி வாசிக்கத் தெரியாத பேரன் என் விருத்தத்தில் நாலு பக்கம் கதறுவான். பிறகு இடியப்பத் தட்டோடு வந்து "மெர்சி அங்கிள்" என்பான். நூற்றுச் சொச்சம் பேரை இப்படி அனுப்பிவைத்திருக்கிறேன். எனக்கென்று எழுதிய கவிதைப் புத்தகங்களும் இரண்டு உண்டு. இரண்டின் எல்லாப் பிரதிகளும் என் வீட்டு நிலக்கீழ் அறையில் பத்திரமாக இருக்கின்றன.

அவரை முதலில் கண்டது தமிழர் நிறைந்த பார்க் எக்ஸ்ரென்ஷன் பகுதியில், பெரியபிள்ளையான ஒரு சிறுமியின் சாமத்திய வீட்டில். மண்டபத்தின் பின்கட்டில் சமையல்காரரோடு கோப்பை கழுவ வந்தவர். பிள்ளையின் வீடியோ ஓடி முடிந்து கேக் வெட்டுவதற்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்த இடைவெளியில், ஈரக் கையைத் துடைத்தபடி அறிவிப்பாளரிடம் போய் ஏதோ கேட்டார். பழைய சினிமாப் பாட்டு ஒன்று வரப்போகிறது என்று நினைத்து அவன் மைக்கைக் கொடுத்துவிட்டான். அவர் சொன்னார்:

நெல்லறுக்கப் போனவர்கள் ஐந்துபேர்.
கட்டிக்கொண்டு வந்தது ஐந்து கட்டு.
நெல் இன்னும் வயலில் நிற்கிறது.

அதற்கு மேலும் பதினெட்டு வரி இருந்தது. மண்டபத்தில் முந்நூறு பேர். பிள்ளையின் தகப்பன் கையில் கேக் கத்தியோடு நின்ற நிலையை நான் மறக்கவில்லை. முடிந்ததும் பின்வரிசையில் ஒருவன் கை தட்டினான். அது நான்தான். அவர் என்னைப் பார்த்து, "எனக்குத் தட்டாதீங்க. அது என்ட இல்ல" என்றார். மைக்கைக் கொடுத்துவிட்டுக் கோப்பை கழுவப் போய்விட்டார்.

பின்கட்டுக்குப் போய் விசாரித்தேன். திருகோணமலையில் இருந்து உள்ளுக்குப் போனால், வயல் முடிந்து காடு தொடங்குகிற எல்லைக் கிராமம் ஒன்று. பெயரைச் சொன்னார். கவிதைகள் அந்த ஊர்க்காரர் ஒருவருடையவை. மொத்தம் பதினேழு. எங்கும் அச்சில் இல்லை.

"எழுதினவர் எங்க?"

"இல்ல."

"இல்லையெண்டால்?"

"இல்ல எண்டா இல்லதான் அண்ணன். அந்தச் சட்டியை இஞ்சால தாங்க."

அதற்குப் பிறகு அவரை நான் பல இடங்களில் கண்டேன். பிறந்தநாள், புதுமனை, வேலையால் ஓய்வுபெற்றவருக்கு விருந்து, டொலார்ட்-டெஸ்-ஓர்மோ முருகன் கோயில் அன்னதான வரிசை. யாரும் அவரை அழைத்ததில்லை. யாராலும் தடுக்கவும் முடியவில்லை. மைக்கை இரண்டு நிமிடம் தரச்சொல்லிக் கேட்பார், ஒரு கவிதை சொல்வார், இறங்கிவிடுவார். அநேகமாகச் சாவு, பசி, ஊர்விட்டு ஓடுதல். கல்யாண வீடுகளில் அவரைக் கண்டால் மைக்கை ஒளிக்கிற அளவுக்கு நிலைமை போனது.

அவரிடம் ஒரு விதி இருந்தது. இடையில் ஒரு சொல் தடக்கினால் விட்ட இடத்திலிருந்து தொடரமாட்டார். முதல் வரிக்குத் திரும்பிப் போவார். பன்னிரண்டாவது கவிதை நீளம். ஒருமுறை புரோசார்ட்டில் ஒரு அரங்கில் அதை நாலு தரம் தொடங்கினார். மூன்றாம் தரத்தில் பாதிச் சனம் வாகனத்துக்குப் போய்விட்டது.

"ஐசே, தெரிஞ்ச இடத்தில இருந்து சொல்லியிருக்கலாமே. ஆருக்குத் தெரியப்போகுது?" என்றேன்.

"அண்ணன், ஓட்டைச் சட்டிக்குள்ள தண்ணி ஊத்திக்கொண்டு போறமாதிரி. ஒரு சொல் சிந்தினா நான் பாக்காமப் போயிடுவன். பிறகு இன்னொண்டு. கடைசியில சட்டிதான் மிஞ்சும்."

வாரநாளில் நகரின் நடுவில் ஒரு உணவகத்தில் அதே கோப்பை கழுவும் வேலை. அங்கே ஒவ்வொரு நாளும் பதினேழையும் ஒன்றிலிருந்து கடைசிவரை சத்தமாகச் சொல்லி முடிப்பார். மனதுக்குள் சொன்னால் செத்துவிடும், ஒரு காதிலாவது விழவேண்டும் என்பது எழுதியவரின் கட்டளையாம். அந்தக் காது பக்கத்தில் வெங்காயம் வெட்டுகிற ஒரு ஹெயிட்டிக்காரருடையது. பல வருசம் கேட்டுக்கேட்டு அவருக்கும் சில வரிகள் வாயில் ஏறிவிட்டன. என் இரண்டு புத்தகங்களிலிருந்தும் என் மனைவிக்குக்கூட ஒரு வரி பாடமில்லை.

இன்னொரு பழக்கமும் இருந்தது. பொக்கற் வைத்த சேட்டு அவர் போடமாட்டார். யாராவது பரிசாகக் கொடுத்தால் முதல் வேலையாகப் பொக்கற்றின் தையலைப் பிரித்து எடுத்துவிடுவார். நெஞ்சில் நாலு மூலையும் துளைத்துளையாகத் தெரியும். "பேனா வைக்காத ஒரே கவிதைக்காரர் நீர்தான்" என்று பகிடி விட்டேன். அவர் சிரிக்கவில்லை. என் பகிடிக்குச் சிரிக்காதவர்களை நான் ஏற்கெனவே நிறையச் சந்தித்திருப்பதால் அதைப் பொருட்படுத்தவில்லை.

எழுதித் தாரும், நான் அச்சடிக்கிறேன் என்று வருசக்கணக்காகக் கெஞ்சினேன். நான் வேலைக்குப் போகிற வழியில் உள்ள டெப்பனரில், அதுதான் மூலைக் கடையில், கோப்பியோடு நிற்பார். அங்கே வைத்துத்தான் எங்கள் சண்டை.

"எழுதினா மேல ஒரு பேர் போடணும் கல்வெட்டர்."

"எழுதினவற்ற பேரைப் போடும்."

"ஏலாது."

"அப்ப உம்மட பேரைப் போடும்."

"அதுவும் ஏலாது." கோப்பியை ஊதிக்கொண்டு சொன்னார், "நீங்க செத்த ஆக்களுக்கு எழுதுங்க. உங்களுக்கு அது சுகமாயிருக்கு."

ஒருநாள் மூச்சு முட்டுகிறது என்று என்னைக் கூப்பிட்டார். கிளினிக்குக்கு ஏற்றிப்போனேன். தாதி வாசலில் நின்று ஒரு பெயரைக் கூப்பிட்டாள். யாரும் எழும்பவில்லை. பிரெஞ்சு உச்சரிப்பில் ஒரு தமிழ்ப் பெயர் படும் பாட்டை நான் இரசித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் தரம் கூப்பிட்டபோதுதான் இவர் திடுக்கிட்டு எழும்பினார். இருபத்தைந்து வருசம் இந்த நாட்டில் இருக்கிறவருக்குத் தன் பெயர் காதில் ஏற மூன்று தரம் வேண்டியிருந்தது. அந்தப் பெயரை நான் மனதில் பதிந்துகொண்டேன். அதுவரை எனக்கு அது தெரியாது. கேட்டவர்களுக்கெல்லாம் "தம்பி எண்டு கூப்பிடுங்க" என்றுதான் சொல்லியிருந்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் எல்லாம் எனக்குப் புரிந்துவிட்டது. நன்றாக வாசித்தவன் அல்லவா. தன் கவிதையைத் தன்னுடையது என்று சொல்லக் கூச்சப்படுகிற மேதை இவர். எழுதினவர் 'இல்ல' என்றது தத்துவம். கண்டுபிடித்த பெருமையில் எனக்கு ஒருகிழமை நித்திரை வரவில்லை.

அவருக்கு ஒரு நன்மை செய்தேன். ஒரு தேவாலய மண்டபத்தில் அவர் ஐந்தாவது கவிதையைத் தடக்காமல் சொன்னபோது கைபேசியில் படம் பிடித்தேன். கிளினிக்கில் கேட்ட பெயரையும் ஊர்ப் பெயரையும் போட்டு, 'எல்லைக் கிராமத்துக் கவிஞர் தன் கவிதையைத் தானே சொல்கிறார்' என்று இணையத்தில் ஏற்றினேன். அவரிடம் கேட்கவில்லை. மேதைகளிடம் கேட்கக்கூடாது என்பது என் எண்ணம்.

ஒன்பது நாளில் ஒரு பெண்ணின் குரல்பதிவு என் கைபேசிக்கு வந்தது. ஊரிலிருந்து.

"ஐயா, அந்த வீடியோவில போட்டிருக்கிற பேர் என்ட அண்ணன்ட பேர். இருபத்தாறு வருசமாத் தேடுறம். அண்ணன்ட படத்தப் பிடிச்சுக்கொண்டு ரோட்டில இருந்த ஆள் நான். முகம் எனக்குப் பிடிபடேல்ல ஐயா, வயசு போயிருக்கும்தானே. ஆனா அந்தக் கவிதை அண்ணன்டதான். அம்மாவும் கேட்டிட்டா. அவக்குக் கண் தெரியாது. திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேக்கிறா. அண்ணன் இருக்கிறாரா ஐயா?"

எனக்கு வந்த முதல் வாசகர் கடிதம் அதுதான் என்று அந்த நிமிடத்தில் மகிழ்ந்தேன் என்பதையும் எழுதிவிடவேண்டும்.

அவரைக் கோயில் வாகனத் தரிப்பிடத்தில் பிடித்து, என் காருக்குள் இருத்தி, அந்தக் குரலைக் கேட்கச் செய்தேன். கண்ணாடிக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவர் கேட்டு முடித்தார். இன்னொருதரம் போடச் சொன்னார். பிறகு கையை நெஞ்சில், பொக்கற் இருந்திருக்கவேண்டிய இடத்தில் வைத்துக்கொண்டார்.

"நான் அவன் இல்ல அண்ணன்" என்றார். "அவன்ட பேரில வந்தவன்."

அவர் அன்று சொன்னதை என் அலங்காரம் எதுவும் இல்லாமல் எழுதுகிறேன்.

கவிஞரும் அவரும் ஒரே ஊர், ஒரே வயது. வெளிநாடு போவதற்கு கவிஞருக்குத்தான் கடவுச்சீட்டும் ஏஜென்சிக்காரனும் ஒழுங்காகியிருந்தது. இவர் துணைக்குக் கொழும்புக்குப் போனவர். இரண்டு பேரும் ஒரு லொட்ஜ் அறையில் நாற்பது நாள் அடைந்து கிடந்தார்கள். இரவில் பொலிசார் சோதனைக்கு வருவார்கள் என்பதால் ஒரு துண்டுக் காகிதமும் வைத்திருக்க முடியாது. கவிஞர் ஊரிலேயே கொப்பிகளை அடுப்பில் போட்டுவிட்டு வந்தவர். ஆகவே பதினேழையும் இவருக்குச் சொல்லிக் கொடுத்தார். ஒருவருக்கு ஏதும் நடந்தால் மற்றவரிடம் இருக்கட்டும் என்று.

அறையில் தோய்த்துக் காய்ந்த சேட்டு ஒன்றுதான் இருந்தது, இவருடையது. ஒரு காலை கவிஞர் அதைப் போட்டுக்கொண்டு பாண் வாங்கப் போனார். அடையாள அட்டை இல்லாமல் வெளியே போகக்கூடாது. பொக்கற்றைத் தொட்டுப் பார்த்தார், அட்டை இருந்தது, போய்விட்டார். அது இவருடைய அட்டை.

கவிஞர் திரும்பி வரவில்லை. ஐந்தாம் நாள் ஏஜென்சிக்காரன் பத்திரிகையோடு வந்தான். வாய்க்காலில் கிடந்த ஒரு உடல். முகத்தை வைத்து அடையாளம் சொல்ல முடியாது, சேட்டுப் பொக்கற்றில் இருந்த அட்டையை வைத்துத்தான். பத்திரிகையில் இருந்தது இவருடைய பெயர்.

"அவன் சொன்னான், பிளைற் நாளைக்கு, எனக்கு ஒரு பேரும் ஒரு தலையும் வேணும், தலை ஆரிண்டதெண்டாலும் பரவாயில்ல எண்டு. பாஸ்போட்டில படத்த மாத்திக் குடுத்தான். நான் செத்த ஆள் அண்ணன். அடையாள அட்டை இல்லாம ரோட்டுக்கு இறங்க ஏலாது. வந்திட்டன்."

"பிறகெண்டாலும் வீட்டுக்கு ஒரு கடிதம் போட்டிருக்கலாமே."

"என்னெண்டு? நான் இருக்கிறன் எண்டு எழுதினா, அப்ப புதைச்சது ஆர் எண்டு கேப்பாங்க. என்ட வீட்டில அழுது முடிச்சிட்டாங்க. அவன்ட வீட்டில பாத்துக்கொண்டிருக்கிறாங்க. நான் வாயத் திறந்தா ரெண்டு வீடும் முதல்ல இருந்து தொடங்கணும்." கண்ணாடியில் படிந்த ஆவியைக் கையால் துடைத்தார். "அதுதான் காரணம் எண்டு எனக்கு நானே சொல்லுவன். திருப்பி அனுப்பிப்போடுவாங்க எண்ட பயமும் இருந்தது. எது முன்னுக்கு எண்டு இப்ப எனக்கே தெரியாது."

"உங்கட அம்மா?"

"ஒன்பது வருசம் எனக்குத் திவசம் குடுத்தா. பிறகு செத்திட்டா. இஞ்ச ஒரு பலசரக்குக் கடையில ஊர்க்காரன் ஒருத்தன் வேற ஆருக்கோ சொல்லக் கேட்டன். கத்தரிக்காய் எடுத்துக்கொண்டு நிண்டனான்."

வீடியோவை அந்த இடத்திலேயே அழித்தேன். அழித்து என்ன? அங்கே ஒரு கண் தெரியாத மனுசி அதை ஏற்கெனவே வீட்டுக் கைபேசியில் எடுத்துவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குக் கூட்டிவந்து என் சாப்பாட்டு மேசையில் வைத்து அந்தத் தங்கச்சிக்கு அழைப்பு எடுத்தோம். அவர் தன் சொந்தப் பெயரைச் சொன்னார். நான் அதை முதன்முதலில் கேட்டது அப்போதுதான். வாயில் துரு ஏறிய பெயர், இரண்டு தரம் சொல்லவேண்டியிருந்தது. பிறகு, "உன்ட அண்ணன் இல்ல. மன்னிச்சுக்கொள்ளு" என்றார். மிச்சத்தையும் சொன்னார்.

அந்தப் பக்கத்தில் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. எங்கோ ஒரு நாய் குரைத்தது.

"உங்கட செத்தவீட்டுக்கு நான் வந்தனான்" என்றது அந்தக் குரல். "பெட்டி திறக்கேல்ல. சேட்டை மட்டும் குடுத்தாங்க. உங்கட அம்மா அதப் பிடிச்சுக்கொண்டு உருண்டா. நான்தான் அவவப் பிடிச்சு வைச்சிருந்தன். எனக்கு அழுகை வரேல்ல. என்ட அண்ணன் தப்பிட்டான் எண்டு உள்ளுக்க சந்தோசப்பட்டன்."

அவர் மேசைவிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மாக்கு நான் சொல்லமாட்டன்" என்றாள். "என்னால ஏலாது. வாற ஞாயிற்றுக்கிழமை நீங்க எடுங்க."

"என்னெண்டு சொல்லி எடுக்க?"

"அண்ணன் எண்டுதான். எங்கட பேரில இவ்வளவு காலம் இருந்தீங்கதானே."

கைதட்டலைக்கூட ஒருநாளும் ஏற்றுக்கொள்ளாத மனிதர் அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறு காலையும் குளித்து, துளை விழுந்த சேட்டைப் போட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். மேசையில் கைபேசியை நிமிர்த்தி வைத்துக்கொண்டு எழும்பி நிற்பார். கிழவியின் குரல் வரும்.

"மகன், சாப்பிட்டியா?"

"ஓம்."

"குளிராமே அங்க?"

"ஓம்."

இந்த இரண்டு ஓமும் பொய்யில்லை. அடுத்த கேள்வி வருவதற்குள் ஒரு கவிதையைத் தொடங்கிவிடுவார். 'நான்தான் அம்மா' என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. பொய் சொல்லாமல் ஒரு தாயை ஏமாற்றுவதற்கு அவர் கண்டுபிடித்த வழி அது. அந்த அம்மாவும் ஒருநாளும் வற்புறுத்தவில்லை. கேட்டு முடித்து, "வடிவாயிருக்கு" என்பார். பதினான்கு மாதம் இது நடந்தது. ஒவ்வொரு ஞாயிறும் அவர் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்தார். வைத்தியர்கள் இருதயம் என்றார்கள். எனக்கு வேறு பெயர் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு என்னைக் கூப்பிட்டு, "பதினேழையும் பாடமாக்குங்க" என்றார். என் மறதி ஊரறிந்தது. மெற்றோவில் நான் இறங்கவேண்டிய தரிப்பையே விட்டுவிடுகிறவன். பேனாவை எடுத்தேன். "வைங்க அதை" என்றார். மூன்று கிழமை, மூக்கில் குழாயோடு, ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். நான் தடக்கும்போதெல்லாம் விரலை உயர்த்துவார். முதலிலிருந்து தொடங்குவேன். மூச்சு இல்லாத மனிதரின் மூச்சை இப்படி நான் செலவழித்தேன். கடைசிக் கவிதை எனக்கு வந்த அன்று, "கவிதையள விட உங்கட கல்வெட்டுத்தான் பரவாயில்ல போல" என்றார். அவர் விட்ட ஒரே பகிடி அது. நான்காம் நாள் போய்விட்டார்.

இதையெல்லாம் இப்போது எழுதலாம். அவரை இனி எவரும் எங்கும் திருப்பி அனுப்ப முடியாது.

மரண அறிவித்தல் போடவில்லை. போட்டால் அது கவிஞரின் பெயரில் வரும், ஊருக்குப் போகும். கல்வெட்டும் எழுதவில்லை. நூற்றுச் சொச்சத்தில் எழுதாமல் விட்டது அவருக்கு மட்டும்தான். தகனத்துக்கு ஏழு பேர் வந்தோம். ஊரில் அவருடைய பெயரில் கவிஞரைப் புதைத்திருந்தார்கள். இங்கே கவிஞரின் பெயரில் அவரை எரித்தோம். பெட்டி உள்ளே போகும்போது அந்த ஹெயிட்டிக்காரர் எழும்பி நின்று, அர்த்தம் தெரியாமல், ஒரு எழுத்தும் பிசகாமல் சொன்னார்:

எங்கள் ஊரில் விளக்கு வைப்பதில்லை.
வெளிச்சம் தெரிந்தால் வீடு தெரியும்.
வீடு தெரிந்தால் நாங்கள் தெரிவோம்.

அன்று மாலையே தங்கச்சியிடம் சொன்னேன். அவள் அழுதாள். இந்தத் தரம் அவளுக்கு அழுகை வந்தது. பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு, "ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன செய்யிறது ஐயா?" என்று கேட்டாள். எனக்குப் பாடம் என்று சொல்லியிருக்கக்கூடாது. சொல்லிவிட்டேன்.

அந்த ஞாயிறு நான் குளித்தேன். கைபேசியை நிமிர்த்தி வைத்தேன். எழும்பி நின்றேன்.

"மகன், சாப்பிட்டியா?"

"ஓம்."

"குரல் மாறிக் கிடக்கு."

"தடிமன் அம்மா." அவர் பதினான்கு மாதம் தவிர்த்த பொய்யை நான் முதல் நிமிடத்திலேயே சொல்லிமுடித்தேன்.

ஒன்பதாவது கவிதையைத் தொடங்கினேன். ஆறு வரி நன்றாகத்தான் போனது. ஏழாவதில் தடக்கி நின்றுவிட்டேன். மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றாள். கைபேசியில் அந்த அம்மாவின் மூச்சு மட்டும் கேட்டது.

"நீயும் நல்லாத்தான் சொல்லுறாய் மகன்" என்றார். "முந்திச் சொன்ன பிள்ளை இன்னும் வடிவாச் சொல்லும்."

மனைவி ஒரு கதிரையை எனக்குப் பக்கத்தில் இழுத்துவைத்தாள்.

"அந்தப் பிள்ளையும் செத்திட்டுதா?"

ஊரெல்லாம் இறந்தவர்களுக்குப் புலம்பல் எழுதிக்கொடுத்தவனுக்கு ஒரு சொல் வரவில்லை. தடக்கினால் முதல் வரிக்குத் திரும்பவேண்டும் என்பது அவருடைய விதி. திரும்பினேன்.